எங்கூட்டு ஆளைப் போன்ல ஏத்துன கதை

இந்தப் போன்ல பேசுறது எங்கூட்டு ஆளே இல்ல பாப்பா. சத்தியமா இல்ல, நீயே போட்டுக் கேளு. பேரு மட்டும் பெருமாள்னு போட்டுக்கீறான் எம் புள்ள பிரகாசு. வாயைத் தொறந்தா மூடுறதில்ல இது. காலைல "சாப்ட்டியாய்யா"ன்னேன், அவ்ளோதான் கேட்டேன். அதுக்கு நண்டு வெலைல ஆரம்பிச்சு, பக்கத்தூட்டு ஜமுனா தண்ணி புடிக்கிற கொடத்துல பூந்து, பொன்னேரி பஸ்ஸு நிக்காம போனது வரைக்கும் பேசுது. எனுக்கு ஒரு வார்த்தை பேச எடம் குடுக்கல. தோ, வலையைத் தெச்சிக்கினு குந்திக்கீறாரே, இவருதான் நெச ஆளு. இத்தினி வருசத்துல இவரு என்னான்ட பேசுனதை ஒரு சொம்புல புடிச்சிடலாம்.

நீ இருய்யா. வாயைத் தொறக்காத, நான் சொல்லிக்கினு கீறேன் இல்ல?

இன்னா பேரு சொன்னே... ஆங், நிவேதா. பிரகாசு ஆபீஸ்லதான் கீறியா? நல்லது. நீயாவது எம் புள்ளைக்கு எடுத்துச் சொல்லும்மா. மெட்ராஸ்ல ஏதோ ஒரு கூட்டத்துல சேந்துக்கீறான். ஞாயித்துக்கெழமை ஆனா கூடிப் பேசுறாங்களாம். சாவுன்றது விதி இல்லியாம், வியாதியாம். அம்மைக்கு மருந்து கண்டுபுடிச்ச மாதிரி அதுக்கும் ஒரு நாளு கண்டுபுடிச்சிருவாங்களாம். அப்பால, இதுவரைக்கும் செத்தவங்க எல்லாரையும், ஒருத்தர் வுடாம எழுப்பிடணுமாம். பெத்தவங்க நமக்கு உசுரு குடுத்தாங்க, நாம திருப்பிக் குடுக்க வாணாமான்றான். கேக்க நல்லாத்தான் கீது, இல்லேன்னு சொல்லல. நாம அம்மாவாசைக்கு அம்மாவாசை காக்காக்கு சோறு வெக்கிறோம், இவன் ஆளையே கூப்புடுறேன்றான்.

ஆனா ஒண்ணு கேட்டேன். எல்லாரும் எந்திரிச்சு வந்தா பாடு யாருக்குடான்னு. உனுக்குப் பாடு தெரியாது இல்ல... ஏரியில எறா வலை கட்டுற எடம்மா. நல்ல எடம் கொஞ்சந்தான். அதனால ஊரு கூடி சீட்டுப் போட்டு, இன்னிக்கு இந்தூடு, நாளைக்கு அந்தூடுன்னு முறை வெச்சுக்கீறோம். அப்பன் செத்துப் பூட்டா அந்த முறை புள்ளைக்கு. உசுரோட கீறவங்களுக்கே முறை வர்றதுக்குள்ள வலை மக்கிப் பூடுது. இவரு அப்பாரு, அவரு அப்பாரு, அவருக்கு அப்பாருன்னு அத்தினி பேரும் வலையைத் தூக்கிக்கினு வந்து வரிசைல நின்னா? போன மாசம் ஊர்க்கூட்டத்துல நான் இத்தச் சொல்லப் போயி, எங்க ஊரு தலைவரு கோதண்டம் இல்ல, அவரு மூஞ்சி செத்துப் பூடுச்சு. செத்தவங்களுக்குச் சீட்டு கெடையாதுன்னு அங்கியே தீர்மானம் போட்டுட்டாரு.

பிரகாசு சிரிக்கிறான். பூமி பத்தாதும்மா, அதுக்குத்தான் நட்சத்திரத்துக்குப் போவோம்ன்றான். டேய், தோ ஏரிக்கு அந்தாண்ட ராக்கெட்டு வுடுற அன்னிக்கு நம்பளைக் கடல்லியே எறங்க வுட மாட்டேன்றாங்க, அலமாரில பாத்திரமெல்லாம் கடகடன்னு ஆடுது. நட்சத்திரத்துல மட்டும் வாங்க வாங்கன்னு பாய் விரிப்பாங்களான்னேன். அப்பால, எம் மாமியாரும் எந்திரிப்பாங்களாடான்னு கேட்டேன். எல்லாரும்தாம்மான்னான். அப்டின்னா மெதுவாவே கண்டுபுடிக்கச் சொல்லு, ஒண்ணும் அவசரம் இல்லேன்னுட்டேன்.

சிரிக்காதய்யா, உங்கம்மாதான்.

இவ்ளோ பேசுறவ ஏன் ஒத்துக்கினேன்னு கேப்ப. இவரு தொண்டைல கட்டி பாப்பா. நாளான்னிக்கு மெட்ராஸ்ல ஆபரேசன். உசுருக்கு ஒண்ணியும் இல்ல, குரலுதான் வந்தாலும் வரும், வராமலும் பூடும்னு டாக்டரு சொல்லிட்டாரு. இவரு தலையாட்டிக்கினு நின்னாரு. எனுக்குத்தான் கையும் ஓடல, காலும் ஓடல. பேசாத ஆளுதான், இல்லேன்னல. ஆனா பேசாம இருக்கிறது வேற, பேச முடியாமப் போறது வேற இல்லியா. பயந்துட்டேன். அந்த நேரம் பாத்து பிரகாசு வந்து, நைனா நெனப்பு, குரலு எல்லாத்தையும் எடுத்து வெச்சிடலாம்மா, நாளைக்கு மருந்து வர்றப்போ அதுலேர்ந்து ஆளையே திருப்பிக்கலாம்னான். எட்றா எட்றான்னுட்டேன்.

இவரு போன்ல அனுப்புன பழைய பேச்சுலேர்ந்து மொதல்ல குரலு எடுக்கப் பாத்தான். அதுல இன்னா கீது? "சரி", "ம்", "வெச்சுடு". அத்த வெச்சு செஞ்சதாலதான் டப்பாக்குள்ள பேசுற மாதிரி கீது. அப்பால போன வாரம் ரெண்டு நாளு குந்த வெச்சு கேள்வியாக் கேட்டான். அதுலேர்ந்து புத்தி எடுத்தானாம். வந்தது இந்தக் கண்றாவி. மாமியாரு கொடுமை தாங்கலன்னு அழுவுது. இவருக்கு மாமியாருன்னா எங்கம்மா. எங்க கல்யாணத்துக்கு முன்னாலியே அது போய்ச் சேந்துடுச்சு, அது எங்கேர்ந்து வந்து கொடுமை பண்ணுச்சு? சரி, அது கூட போவட்டும். பிரகாசைப் பெத்தப்போ வலில உசுரே பூடுச்சுன்னு சொல்லுது பாப்பா. எந்த ஊர்ல ஆம்பள புள்ள பெத்துக்கினான்? மெசின்ல எங்கியோ கோளாறு. அதுக்குத்தான் உன்னை வரச் சொன்னது. இன்னிக்கு வுட்டா இந்தக் குரலு கெடைக்குமோ கெடைக்காதோ, நல்லா பாத்து சரி பண்ணு.

இருய்யா, பாப்பா இன்னாவோ சொல்லுது.

இன்னா? மெசின் சரியாக் கீதா? அன்னிக்கு பிரகாசு கேள்வி கேட்டு எடுத்ததையா... போடு, கேப்போம்.

இது பிரகாசு. மொதமொத கடலுக்குப் போனப்போ பயந்தியா நைனான்றான். ம்... இது நானு. இவருக்கு இன்னாடா பயம்னு சொல்றேன். சரி, அப்பால போடு. இதுவும் நானு. இது... இதுவும் நாந்தான், எம் மாமியாரு கதை. அய்ய, பிரசவத்தை எதுக்கு இழுத்தேன்? நைனா பேசட்டும்மான்றான் பாரு புள்ள. மறுபடியும் சொல்றான். நா எங்க கேட்டேன். இவரு எங்க பாப்பா? தோ, இருமுனது. இருமலு இவருது.

நிறுத்தும்மா.

ரெண்டு நாளும் நாந்தானா. அப்போ எம் புருசன் உள்ளவே போவலியா. ஆயிரம் வருசம் கழிச்சு எழுப்பி வுட்டா, இவரு பேரைச் சொல்லிக்கினு நானா எந்திரிச்சு வருவேன்? யோவ், நீயாவது ஒரு அதட்டு அதட்டியிருக்கக் கூடாதாய்யா... பாரு, இப்பவும் பதிலு சொல்ல வுடாம பேசிக்கினே கீறேன். சரி. நா பேசல. நா வூட்டுக்குள்ள போறேன், நீ அவரான்ட கேக்க வேண்டியதெல்லாம் கேளு.

இல்ல, ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். அந்தக் கேள்வியெல்லாம் எனுக்கு வாணாம் பாப்பா. கடல்லேர்ந்து திரும்புறப்போ, முகத்துவாரம் தாண்டி ஏரிக்குள்ள வந்ததும் போட்டுல இருந்து ஒரு சத்தம் குடுப்பாரு. பேரு கெடையாது, ஒண்ணு கெடையாது, சொம்மா "ஓ...ய்"னு. எத்தினி போட்டு வந்தாலும் அது என்னியத்தான்னு தெரியும். அடுப்புல ஒலை வெப்பேன். ஒரு புயலப்போ, ஆளு வரலியேன்னு கரையில வுழுந்து அழுதுக்கினு கீறேன், அந்தச் சத்தம் கேட்டுச்சு. இவரு வாயிலேர்ந்து வந்ததுல எனுக்கு வேண்டியது அது ஒண்ணுதான். அத்த மட்டும் புடிச்சிக் குடு. மருந்து வந்தா வரட்டும், இல்லாங்காட்டி போவட்டும்.

யோவ், எந்திரிச்சு தண்ணியாண்ட நில்லு. வலிச்சா மெதுவாவே கூப்புடு. நா வாயில முந்தானையை வெச்சுக்கீறேன். பாப்பா, அமுக்கிட்டியா?

...

தோ வந்துட்டேன்ய்யா!

அய்யய்யோ. நா வேணும்னு சொல்லலம்மா, அவரு கூப்ட்டா அது தானா வந்துடுது. கெட்டுப் போச்சா? மறுபடி கூப்புடச் சொல்லவா... வாணாம். தொண்டையைப் புடிச்சிக்கினு நிக்கிறாரு பாரு. வாணாம், வுடு. எங்க, அத்தப் போடு, கேக்கலாம்.

இன்னொரு வாட்டி போடு.

அழிக்காத பாப்பா. அது அப்டியே இருக்கட்டும். அவரு கூப்புடுறாரு, நா வர்றேன்றேன். இத்தினி வருசமா எங்க ரெண்டு பேருக்கும் நடந்தது அவ்ளோதான். நாளைக்கு எந்த நட்சத்திரத்துல எழுப்பி வுட்டாலும், இவரு கூப்புட்டா பதிலு சொல்ல ஆளு வேணும் இல்ல?

இன்னாய்யா சிரிக்கிற. வா, வந்து குந்து, பாப்பாக்கும் சேத்து சோறு போடுறேன். அந்தத் தொண்டையை வெச்சுக்கினு இதுக்கு மேல பாடாப் படாத. நீ பேச வாணாம், நான் பேசிக்கிறேன்.