அடுத்த காம்பரா நாய்

இல்லங்க சேர், அந்த நாய் எங்களுது இல்ல. வாசல்ல படுத்திருந்தா எங்களுதாகிருமா? இந்த லயத்துல பன்னெண்டு காம்பரா, பன்னெண்டு குடும்பம், நாய் எல்லா வாசல்லயுந்தான் படுக்கும். மொதல்ல நீங்க என்ன எழுதுறீங்கன்னு சொல்லுங்க. ஆமா, சுகாதாரப் பரிசோதகர்னு சொன்னீங்க, அட்டையும் காட்டுனீங்க. நான் இல்லங்கல. புள்ளைக்கு ஆப்பரேசன் முடிஞ்சு ரெண்டு மாசமாகுது. இத்தன நாளா வராதவங்க இன்னிக்கு வந்து நாய எண்ணுறீங்களே, அதான் கேக்குறேன். வீரய்யா எங்க மேல பெட்டிசம் எழுதிப் போட்டாரா?

அடுத்த காம்பராக்காரரு. சரி, போடலைன்னா விடுங்க.

ஒக்காருங்க. புள்ள ஸ்கூலுக்குப் போயிருக்கா. ஜெனுஷா. ஒம்பது வயசு. அவ அம்மா மரியநாயகி தேயிலைக் கொழுந்து எடுக்க மலைக்குப் போயிருக்கா. நான் இன்னிக்கு அரைநாள் வேலை, அரைப்பேரோட வந்துட்டேன்.

போன மழைக்கு இருமல் புடிச்சுச்சு. தோட்டத்து டிஸ்பென்சரியில பாணி மருந்து குடுத்தாங்க. மூணு போத்தல் குடிச்சும் நிக்கல. அப்புறம் சளியில ரத்தம். டீபியா இருக்கும்னு மஸ்கெலியா ஆஸ்பத்திரிக்கு அனுப்புனாங்க, சளிய சோதிச்சுட்டு அதுவும் இல்லன்னாங்க. நெஞ்சுப் படம் எடுத்த பொறகுதான் தெரிஞ்சுச்சு. வலது பக்கத்துல தோடம்பழம் கணக்கா உருண்டையா ஒன்னு. அன்னிக்கே கண்டிக்கு ஏத்திட்டாங்க.

அங்க ஒரு பெரிய டொக்டர், கொஞ்சம் தமிழ் பேசுவாரு. நாய் வயித்துல இருக்குற ஒரு புழுவோட முட்டை, புள்ள கையில ஒட்டி வாய்க்குள்ள போயிருக்கு, அதுதான் நெஞ்சுல தண்ணிப் பையா வளந்திருக்குன்னாரு. வருசக்கணக்கா வளந்திருக்குமாம். நான் நம்பல. எல்லா வீட்டுலயும் நாய் இருக்கு, எம் புள்ளைக்கு மட்டும் எப்படிங்க?

அப்புறம் கையெழுத்துக் கேட்டாங்க. கடதாசி பூரா சிங்களம். எனக்குப் பேச வரும், வாசிக்க வராது. நெஞ்ச அறுத்து உள்ளேருந்து என்னத்த எடுக்குறாங்கன்னு யாரு பாக்குறதுன்னு லயத்துல சொல்லி அனுப்பியிருந்தாங்க. ரெண்டு நாள் கடதாசிய மடிச்சு சேப்புல வச்சிருந்தேன். மூணாவது நாள் மரியநாயகி தாதிகிட்ட தனியா பேசிட்டு வந்தா. அது தானா உடைஞ்சா புள்ள மூச்சடைச்சுப் போயிருமாம், ஒனக்கு ஒன் சந்தேகம் பெருசா புள்ள பெருசான்னா. பேனாவையும் அவதான் கையில திணிச்சா.

நாலு மணிநேரம் ஆச்சுங்க. உள்ள இருக்குற தண்ணி ஒரு சொட்டு சிந்தக்கூடாதாம், சிந்துன எடத்துல திரும்ப முளைக்குமாம். சுத்திவர மருந்துத் துணி வச்சுத்தான் எடுத்தாங்களாம். வெளிய கொண்டாந்தப்ப விலாவுல ஒரு குழாய், கட்டிலுக்குக் கீழ தண்ணிப் போத்தல். புள்ள மூச்சு விட்டா அதுல குமிழி வரும். மரியநாயகி அந்தக் குமிழியவே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தா. அப்புறம் நெஞ்சு விரியணும்னு பலூன் ஊதச் சொன்னாங்க. மொத நாள் வலி தாங்காம அழுதா. வீட்டுக்கு வர்றப்ப வாட்டுல இருந்த புள்ளைங்களுக்கெல்லாம் இவதான் ஊதிக் குடுத்தா. இப்ப மாத்திரை மட்டுந்தான், தவறாம குடுக்குறோம். நீங்க வேணும்னா கிளினிக் அட்டையப் பாருங்க.

வீரய்யாவா? ஆஸ்பத்திரியிலேருந்து வந்த அன்னிக்கே அவரு வாசல்ல போயி நின்னுட்டேன். எம் புள்ள கட்டிப்புடிச்சு வெளையாடுனது அவரு நாயோடதான, லயத்துக்கே தெரியும். கேவலமா பேசுனேன். மரியநாயகியும் சேந்து பேசுனா. மறுநாள் காலையில அவரு நாயத் தூக்கி லொறியில ஏத்திக் கொண்டுபோயி எங்கயோ விட்டுட்டு வந்தாரு. இன்னி வரைக்கும் ரெண்டு காம்பராவுக்கும் பேச்சுவார்த்தை இல்ல.

என்ன, ஆடா? ஆட்டுக்கும் இதுக்கும் என்னங்க?

வெட்டுவோம். டிசம்பர்ல நத்தாருக்கு, அப்புறம் மாதா திருவிழாவுக்கு. பங்கு போட்டுக்குவோம். இல்லங்க, யாரும் வந்து பாத்து சீல் குத்துறதெல்லாம் இல்ல. கழிவ... நாய்ங்க சுத்தி நிக்கும்ல, அதுங்களுக்குத்தான்.

வெட்டுறது நாந்தான் சேர். எழுதிக்கங்க.

புள்ளைக்கிட்டேருந்து எடுத்தத டொக்டர் ஒரு போத்தல்ல போட்டுக் காட்டுனாரு. அவிச்ச முட்டையோட வெள்ளைக்கரு மாதிரி. இந்த மாதிரி ஆட்டு ஈரல்ல, நுரையீரல்ல பாத்திருக்கியான்னு கேட்டாரு. அதத் தின்னுற நாய் வயித்துலதான் அந்தப் புழு வளருமாம். நான் பாத்ததில்லன்னுட்டேன். அஞ்சு வருசத்துக்கு முந்தின நத்தாருக்கு வெட்டுன கெடாவோட ஈரல்ல அதே மாதிரி ரெண்டு இருந்துச்சுங்க. அறுத்துக் கழிச்சேன். ஜெனுஷாவுக்கு அப்ப நாலு வயசு, பக்கத்துல நின்னா. வீரய்யா நாய் அப்ப குட்டி. இந்தாம்மா, குட்டிக்குப் போடுன்னு அவ கையிலதான் குடுத்தேன்.

மரியநாயகிக்குத் தெரியாது. கொழுந்து நிறுத்துட்டு இப்ப வந்துருவா. நீங்க எந்திரிக்காதீங்க சேர், தேத்தண்ணி வைக்கிறேன். நீங்க இருக்கப்பவே அவகிட்ட சொல்லிர்றேன். தனியா சொல்ல எனக்கு வாய் வரலைங்க.