பாட்டுப் போடாத வீடியோ

கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கலாமா வேண்டாமா என்று என்னிடம் யார் கேட்டாலும், எடுங்கள், ஆனால் ஆள் பார்த்து எடுங்கள் என்றுதான் சொல்வேன். சாப்பாட்டு ருசி மறுநாளே மறந்துவிடும். பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். கடைசியில் வீட்டில் மிஞ்சுவது அந்தச் சிடி ஒன்றுதான். என் தங்கை ஆர்த்தி கல்யாணத்தில் நான் ரொம்ப யோசித்துச் செய்த காரியமும் அதுதான், ஐயா.

எங்கள் அம்மா தங்கத்தாய்க்கு இதில் இஷ்டமே இல்லை. "அம்புட்டு நகையும் போட்டு நிக்க வச்சுப் படம் புடிச்சா கண்ணு பட்டுரும்யா. போட்டோ போதும்" என்றாள். அப்பா போனபிறகு வீட்டுக்கும் பட்டாசுக் கம்பெனிக்கும் நான்தான் பொறுப்பு. அம்மா பேச்சை நான் தட்டியதே கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் தட்டினேன்.

இரண்டு பேர் வந்தார்கள். முதலில் வந்தவன் காரியாபட்டி ராக்கப்பன். அவன் எடுத்த கல்யாணம் ஒன்றைப் போட்டுக் காட்டினான். தாமரைப்பூ மலர்கிறது, உள்ளேயிருந்து மணப்பெண் எழுந்து வருகிறாள். மாப்பிள்ளை மேகத்தில் மிதக்கிறார். தொடக்கம் முதல் கடைசி வரை சினிமாப் பாட்டு. தாலி கட்டும்போதுகூட மேளச் சத்தம் கேட்கவில்லை. எனக்கும் ஆர்த்திக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. பாவம், அவன் நாங்கள் மெச்சுகிறோம் என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்தவர் விருதுநகர் புகழேந்தி. அதிகம் பேசாத மனிதர். ஒரு கேமராவை மேடைக்கு எதிரே நிறுத்திவிடுவாராம். மாப்பிள்ளை மேடை ஏறியதிலிருந்து இறங்குகிறவரை அது நிற்காதாம். கேசட் மாற்றும் நேரத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்று ஓடுமாம். பாட்டு எதுவும் போடமாட்டாரா என்று கேட்டேன்.

"பாட்டுக் கேக்கணும்னா ரேடியோ இருக்குல்லா அண்ணாச்சி. கல்யாணத்துல கல்யாணம்தான் கேக்கணும்" என்றார்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஆர்த்தி, இவரே இருக்கட்டும் என்று சைகை காட்டினாள். புகுந்த வீட்டுக்குப் போனபிறகு அம்மா குரலைக் கேட்க வேண்டும் என்பது அவள் ஆசை. எனக்குப் பிடித்தது அந்த நிற்காத கேமரா. அன்று காலை முழுக்க நான் மேடையை விட்டு அசையவில்லை என்பது யார் பார்த்தாலும் தெரிய வேண்டியிருந்தது.

பெத்தணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பா காலத்திலிருந்து எங்கள் போர்மேன். ஆர்த்தியைத் தோளில் தூக்கிவைத்து மாரியம்மன் பொங்கலுக்குக் கூட்டிப்போனவர். முந்தின பங்குனியில் எங்கள் கம்பெனி ஷெட் ஒன்றில் தீப்பிடித்து ராக்காயி என்ற பெண் செத்துப்போனாள். அந்த அறையில் இருக்க வேண்டியதற்கு மேல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். சீசனில் எல்லோரும் செய்வதுதான். அவள் எங்கள் ஆளே இல்லை, விறகு பொறுக்க உள்ளே வந்தவள் என்று விசாரணையில் சொன்னேன். பெத்தணனையும் அப்படியே சொல்ல வைத்தேன். சொன்னார். அதற்கப்புறம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ராக்காயியின் பிள்ளைகளைத் தெருவில் பார்த்தால் வேறு வழியாகப் போய்விடுவார்.

ஆடி மாதம் ஒருநாள் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"பாப்பா கழுத்துல தாலி ஏறட்டும் மொதலாளி. அதுவரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன். பெறகு சூலக்கரைக்குப் போயி கலெக்டர்ட்ட உள்ளதச் சொல்லிருதேன். என்னையப் புடிச்சு உள்ள வச்சாலும் சரி."

எனக்குக் கோபம் வரவில்லை. இப்படி நாணயமான ஆள் கிடைப்பது அபூர்வம் என்றுதான் நினைத்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். சம்பந்தி வீடு அச்சுப் பிரஸ் வைத்திருக்கிற பெரிய குடும்பம். அண்ணன் ஜெயிலில் இருக்கிற பெண்ணை எந்த மாமியார் மதிப்பாள்? ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். திறக்கப்போவது ஒரே ஒரு வாயாக இருக்கும்போது அவ்வளவு பெரிய மூடி தேவையில்லை.

கல்யாணம் ஆவணியில். கம்பெனிக்கு அன்று லீவு விட்டேன். ஒரு லோடு மட்டும் பாக்கி இருக்கிறது, காலையில் வெடிமருந்து கலந்து வைத்துவிட்டுப் பந்திக்கு வந்துவிடுங்கள் என்று பெத்தணனிடம் சொன்னேன். அவர் முகம் வாடியது. தாலி கட்டுவதைப் பார்க்க முடியாதே என்று தயங்கினார்.

"அதான் வீடியோ எடுக்கோம்லண்ணே. ஒக்காந்து நிதானமாப் பாக்கலாம்" என்றேன்.

சமாதானமாகிவிட்டார். மருந்து அறைக்கு யாரையும் தனியாக அனுப்பக்கூடாது என்பது அப்பா வைத்த வழக்கம். அதை மீறினால் பிற்பாடு கேள்வி வரும். அதனால் அய்யம்மாளையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். அவர் மனைவி. புதுச்சேலை எடுத்துக் கொடுத்திருந்தோம். அதைப் பையில் வைத்துக்கொண்டு போனாளாம், அங்கிருந்தே மண்டபத்துக்கு வந்துவிடலாம் என்று. முதல்நாள் சாயங்காலம் நான் அந்த மருந்து அறைக்குப் போய்ச் செய்ததை உங்கள் ஆட்கள் எழுதிக்கொண்டார்கள். அது சின்ன வேலைதான்.

தாலி கட்டும்போது வெடி போட ஏற்பாடு செய்திருந்தேன். கெட்டிமேளமும் வெடியுமாக இருக்கும்போது கம்பெனியில் வெடிப்பதும் கேட்டால் அதோடு கலந்து போய்விடும் என்று ஒரு கணக்கு. ஆனால் மருந்துக்கு முகூர்த்த நேரம் தெரியாதே. அப்பா இடத்தில் நின்று நானும் என் மனைவியும் தாரை வார்த்துக்கொண்டிருந்தோம். ஐயர் மேளத்தை நிறுத்தச் சொல்லியிருந்தார். என் கையில் செம்பு. மண்டபமே அமைதியாக இருந்தது. அப்போது வெடித்தது.

நீங்கள் வெளியூர்க்காரர், அதனால் சொல்கிறேன். எங்கள் பக்கம் நாள் முழுக்க வெடிச் சத்தம் கேட்கும், யாரும் சட்டை செய்யமாட்டார்கள். இந்தச் சத்தம் வேறு. இது காலுக்கடியில் வரும். கேட்டவுடன் எந்தத் திசை என்று தலை தானாகத் திரும்பிவிடும். நம் வீட்டில் யார் எந்தக் கம்பெனிக்குப் போயிருக்கிறார்கள் என்று மனசு எண்ணத் தொடங்கிவிடும். பால் குடிக்கிற பிள்ளையைத் தவிர எல்லோரும் திரும்புவார்கள்.

படத்தில் நீங்களே பார்த்தீர்கள். ஐயர் வடக்கே திரும்புகிறார். மாப்பிள்ளை, ஆர்த்தி, என் மனைவி, நாதஸ்வரக்காரர் எல்லோரும் எங்கள் கம்பெனி இருக்கிற ஆனைக்குட்டம் பக்கம் பார்க்கிறார்கள். கீழே உட்கார்ந்திருந்த அம்மா ஆத்தாடி என்று கத்திக்கொண்டு எழுந்து நிற்கிறாள். நான் மட்டும் திரும்பவில்லை. நேரே கேமராவைப் பார்க்கிறேன். சிவப்பு விளக்கு எரிகிறதா, என்னை எடுக்கிறதா என்று பார்த்தேன். எடுத்துக்கொண்டுதான் இருந்தது.

பிறகு நடந்ததெல்லாம் ஊருக்குத் தெரியும். தாலி கட்டி முடிந்ததும் பட்டு வேட்டியோடு ஓடினேன். அழுதேன். அது நடிப்பில்லை, அவர்கள் இருவரையும் எனக்குப் பிடிக்கும். பெத்தணன் பாடைக்கு நானும் தோள் கொடுத்தேன். மொதலாளின்னா இப்படி இருக்கணும் என்று அவர் சொந்தக்காரர்களே சொன்னார்கள்.

ஐப்பசியில் சிடி வந்தது. அம்மா குரலைக் கேட்பதற்காக ஆர்த்தி அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறாள். ஒருநாள் போன் செய்தாள். அம்மாவைப் பற்றி விசாரித்தாள். பிறகு கேட்டாள்.

"அண்ணே, எல்லாரும் வடக்க பாக்காக. நீ மட்டும் ஏன் படத்துக்குள்ள இருந்து என்னையவே பாக்குற?"

நம்பர் தப்பு என்று சொல்லி வைத்துவிட்டேன். சொந்தத் தங்கையிடம். அவள் மாமியார் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் சிடியை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்திருக்கிறாள். அவளுக்குப் பெத்தணன் மேல் அவ்வளவு பிரியம்.

ராக்கப்பனை வைத்திருந்தால் அந்த இடத்தில் ஒரு பாட்டு ஓடியிருக்கும், என் முகத்தின் மேல் தாமரைப்பூ மலர்ந்திருக்கும். நீங்களும் நானும் இப்படி எதிரெதிரே உட்கார்ந்திருக்க மாட்டோம். ஆனால் தங்கை ஆசைப்பட்டுக் கேட்ட ஒன்றை என்னால் மறுக்க முடியவில்லை.

ஆமாம், இருவரையும் நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆர்த்தி மறுபடி வந்தால் அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிடுங்கள் ஐயா. அவளைத் தாரை வார்க்கிற நேரத்தில் என் கவனம் வேறு எங்கேயும் போகவில்லை, அதனால்தான் திரும்பவில்லை என்று சொல்லுங்கள்.