ஒரு காலை மட்டும் திட்டாத ஊர்

இந்த வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்குத் தலைமை ஏற்று வீற்றிருக்கும், நம் பள்ளி விளையாட்டு ஆதரவாளர் மன்றத்தின் வீராங்கனை, அம்மையார் லொரெய்ன் வோய்ச்சிக் அவர்களே! அவருக்குப் பக்கத்து நாற்காலியில், அவர் பக்கம் மட்டும் முகத்தைத் திருப்பாமல் அமர்ந்திருக்கும் அவருடைய கணவர், பந்தைக் கையில் ஏந்தி ஓடி மோதும் நம் அமெரிக்கக் கால்பந்துப் படையின் தளபதி, கோச் ஹார்லன் அவர்களே! நவம்பர் பனியில் மைதானத்துப் பலகைப் படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து உட்காரும் இடமே உறைந்துபோன பெரியோர்களே! ஒரு கையில் கம்பளி, மறு கையில் காபிக் குடுவை, வாயில் நடுவரின் வம்சத்துக்கே வசவு என்று வந்து நிற்கும் தாய்மார்களே! வறுத்த மீனுக்காக எல்லை தாண்டி வந்து, தொப்பியைத் திருப்பிப் போட்டால் அடையாளம் தெரியாது என்று நம்பிக்கொண்டிருக்கும் எதிரணி ஊரான பெல் கிரீக்கின் ஒற்றர்களே! உங்கள் அனைவரின் வசவுக்கும் வாழ்நாள் வாரிசான டுவேன் ஷ்மெல்ட்சரின் வணக்கம்!

யாரங்கே ஊளையிடுவது? லவெர்ன் அண்ணனா? பொறுங்கள், உங்கள் கதைக்குத்தான் வருகிறேன்.

நம் ஹாலோ லேக் வானொலியின் மாளிகையை நீங்கள் அறிவீர்கள். தூண்டில் கடையின் பின்னறை. சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் டப்பா டப்பாவாக மண்புழு. இருவரில் யாருக்கு மவுசு அதிகம் என்று கேட்டு என்னைப் புண்படுத்தாதீர்கள். நாள் முழுக்க அதில் ஒலிப்பது யார் குரல்? நாடெங்கும் கிளை பரப்பிய பெரிய வானொலி வலையமைப்பின் குரல். நியூயார்க்கில் அமர்ந்து நாட்டுக்கே நியாயம் சொல்லும் குரல். நமக்கென்று அவர்கள் விட்டுவைத்தது காலை ஏழு முதல் ஒன்பது வரை. அந்த நேரத்தில் நான் விளையாட்டைப் பற்றிப் பேசுவேன். நீங்கள் தொலைபேசியில் அழைத்து என்னைத் திட்டுவீர்கள். நிகழ்ச்சி அவ்வளவுதான்!

முதல் திட்டு எப்போதும் ஜல்லி லாரி ஓட்டும் லவெர்ன் ஸ்டூப்கே அண்ணனுடையது. "டேய் டுவேன், நீ ஸ்கூல்ல ஆடினப்போ பந்தை விட்டுட்டு நடுவரைக் கட்டிப்பிடிச்சு உருண்டவன். நீ எங்களுக்கு ஆட்டம் சொல்லித் தர்றியா?" கை தட்டாதீர்கள். அது நடந்ததுதான்.

இந்தப் பிப்ரவரியில் வலையமைப்பின் தலைமையகத்திலிருந்து செய்தி வந்தது. உங்கள் இரண்டு மணி நேரத்தில் உயிர் இருக்கிறதா என்று பார்க்கப் புதன்கிழமை ஓர் அதிகாரி வருகிறார். இல்லையென்றால் அதையும் நியூயார்க்கே எடுத்துக்கொள்ளும். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. சுவர் மெல்லியது, தூண்டில் கடை கேட்டது, மதியத்துக்குள் ஊரே கேட்டது.

கேட்டு என்ன செய்தீர்கள்? பனியில் சிக்கிய காரைத் தள்ளிவிட்டு அந்தக் காரிடமே மன்னிப்புக் கேட்கிற மக்களல்லவா நீங்கள்! தேவாலயத்துக் கீழறையில் கூடினீர்கள். பாவம் டுவேன், அவனுக்கு நல்லது செய்வோம் என்று முடிவெடுத்தீர்கள். என்னிடம் மட்டும் சொல்லவில்லை!

புதன் வந்தது. பிரெண்ட் காலவே என்ற அதிகாரியும் வந்தார், பனிக்குப் பொருந்தாத பளபளக்கும் காலணியோடு. மணி ஏழு. முதல் அழைப்பு.

"காலை வணக்கம், திரு. ஷ்மெல்ட்சர் அவர்களே. உங்க குரல் தேன் மாதிரி இருக்குங்க."

"லவெர்ன் அண்ணே, உடம்பு சரியில்லையா?"

"நல்லாருக்கேங்க. வீட்ல எல்லாரையும் கேட்டதாச் சொல்லுங்க."

அடுத்தவர் என் அறிவைப் புகழ்ந்தார். அதற்கடுத்தவர் நடுவர்களையே புகழ்ந்தார்! விளையாட்டு வானொலியில் நடுவரைப் புகழ்வதா? வெட்டுவதற்கு வந்தவர் முன்னால் என்னை வெண்ணெயில் குளிப்பாட்டலாமா? அன்பாலேயே என்னை அடக்கம் செய்யப் பார்த்தீர்களே, அடுக்குமா? அதிகாரி கொட்டாவி விட்டார். எட்டு மணிக்கு மேலங்கியை எடுத்து மடியில் வைத்தார். எட்டரைக்குக் கையை அதற்குள் நுழைக்கத் தொடங்கினார்.

அப்போது எனக்குள் ஒன்று எழுந்தது. நவம்பர் இறுதிப் போட்டியை மறந்தவர் இங்கே உண்டா? இரண்டு புள்ளி பின்னால் நிற்கிறோம். கடைசி நொடிகள். கம்பங்கள் கண்ணெதிரே. பந்தை அவற்றுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி, கோப்பை நமது. கோச்சோ ஒரு பையன் கையில் பந்தைக் கொடுத்து ஓடச் சொன்னார். பெல் கிரீக் பையன்கள் மலைபோல் அவன்மேல் விழுந்தார்கள். கோப்பை போயிற்று. அன்றிலிருந்து இந்த ஊரில் அதைப் பற்றி ஒருவர் வாய் திறந்ததுண்டா? பெட்ரோல் பங்கில் பேசவில்லை, பிரார்த்தனையில் பேசவில்லை, பேசுவதற்கென்றே இருக்கும் என் நிகழ்ச்சியிலும் பேசவில்லை! பனிக்கட்டியில் துளையிட்டு மீன் பிடிப்பதைப் பற்றி எத்தனை காலைகள்தான் பேசுவது?

ஒலிவாங்கியை இழுத்தேன். "கோச் ஹார்லன் அன்னைக்கு உதைக்கச் சொல்லியிருக்கணும்" என்றேன்.

மண்புழுக்கள்கூட நெளிவதை நிறுத்தின. பிறகு தொலைபேசியின் விளக்குகள் அத்தனையும் கிறிஸ்துமஸ் மரம்போல் எரிந்தன!

"டேய் மடையா! எதிர்க்காத்துல உதைச்சிருந்தா பந்து உன் மடியிலதான்டா வந்து விழுந்திருக்கும்!" லவெர்ன் அண்ணே, அந்த 'மடையா'வைக் கேட்டு என் கண் கலங்கியது தெரியுமா?

அடுத்த இணைப்பில் கரகரத்த குரல். "ஹார்லன் பேசறேன். கேரேஜ்ல இருக்கேன். அந்த ஓட்டத்தை மாசக்கணக்காப் பழகினோம்டா."

நான் பதில் சொல்வதற்குள் மூன்றாவது இணைப்பில் ஒரு பெண்குரல். "அவர் சொல்றதைக் கேக்காத டுவேன். படியில நின்னு, உதைக்கச் சொல்லுங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேன்."

"லொரெய்ன்? எங்கேர்ந்து பேசற?" என்றார் கோச்.

"நம்ம சமையலறையிலேர்ந்துதான்."

"அப்புறம் ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"ஊரே உங்களைப் பாவம்ங்குது. நான் மட்டும் எப்படிங்க சொல்றது?"

கோச் சொன்னார். "சொல்லியிருக்கலாம்ல? சீஸும் உருளைக்கிழங்குமா தட்டு தட்டாக் கொண்டுவந்து குடுத்தீங்க ஊர்க்காரங்க எல்லாரும். ஒருத்தராவது கண்ணைப் பாத்துப் பேசினீங்களா? வீடே எழவு வீடு மாதிரி இருந்துச்சு எனக்கு. யாராவது ஒரு வாட்டி திட்டியிருந்தா நிம்மதியாத் தூங்கியிருப்பேன்."

அப்போது, இன்னும் இணைப்பை வைக்காத லவெர்ன் அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "அப்படியா கோச்? அப்போ காத்தாவது மண்ணாவது. உதைச்சிருக்கணும்!"

கோச் சிரித்தார். நவம்பருக்குப் பிறகு இந்த ஊர் கேட்ட முதல் சிரிப்பு அது. அதன்பின் ஊரே வரிசையில் நின்று திட்டியது!

ஒன்பதாக ஒரு நிமிடம். மேலங்கியைக் கீழே போட்டுவிட்டு அதிகாரி தலைமையகத்தை அழைத்தார். "நம்ம நியூயார்க் அறிவிப்பாளரைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்க. சமையலறை இன்னும் பேசி முடிக்கல."

நியூயார்க் காத்திருந்தது, அன்பர்களே! நாட்டுக்கே நியாயம் சொல்லும் குரல், லொரெய்ன் அம்மையாருக்காகக் காத்திருந்தது!

அந்தக் குரலுக்கு நம்மைவிட ஆட்டம் அதிகம் தெரியும். மறுக்கவில்லை. ஆனால் காலையில் கோச்சைத் திட்டிவிட்டு, மாலையில் பெட்ரோல் பங்கில் அவர் முகத்தில் விழிக்குமா அது? மடையா என்று கத்தியவனின் வண்டி பனியில் சிக்கினால், ஓடிவந்து தள்ளுமா? தள்ளிக்கொண்டே இன்னொரு முறை திட்டுமா? மண்புழுவுக்குப் பக்கத்தில் ஒலித்தாலும் அந்த இரண்டு மணி நேரம் நம்முடையது! நம் வசவு, நம் வாய், நம் வானொலி! அது நம்மிடமே இருக்கிறது!

மீன் ஆறுகிறது, முடித்துக்கொள்கிறேன். என்ன, கோச் எழுந்து நிற்கிறார்? சொல்லுங்கள், கோச்.

"டுவேன், அன்னைக்கு நான் உதைக்கச் சொல்லி ஜெயிச்சிருந்தா, சண்டை போட உனக்கு என்ன இருந்திருக்கும்? உன் வேலையைக் காப்பாத்தினதே நான்தான்டா!"

கேட்டீர்களா? இருபது ஆண்டு வாயாடி வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவருக்கு நன்றிக்கடன் பட்டுவிட்டேன். தலைவணங்கி, தலைவிக்கும், தாய்மார்களுக்கும், தொப்பி திருப்பிய ஒற்றர்களுக்கும் நன்றி கூறி அமர்கிறேன்.

ஆனாலும் உதைத்திருக்க வேண்டும், கோச்! வணக்கம்!