செவுத்தோரச் செம்பருத்தி

ராமாயி: ...இல்லீங்க்கா, உள்ள வரலீங்க. புள்ளைக்குக் காச்ச வந்ததுல மயிரு கொத்தா உதிருது. எண்ணெ காச்ச நாலு செம்பருத்திப் பூவு...

சென்னியம்மாள்: நாலு எதுக்கு? மடிய ஏந்து.

ராமாயி: மூணு வருசமாப் பேசாம இருந்துட்டு, இப்ப பூவுக்குன்னு வந்து நிக்கறாளேன்னு...

சென்னியம்மாள்: பாகம் பிரிச்சுச் செவுரு வெச்சது அண்ணந்தம்பிங்க. நாம ரெண்டு பேரும் ஒரே ஊட்டுக்கு வந்த மருமவளுங்கதான? வா, செடியக் கிட்டத்துல வந்து பாரு.

ராமாயி: என்னங்க்கா இது... எலையே தெரியல. ஒவ்வொரு பூவும் உள்ளங்கை அகலம், அதுவும் அடுக்கடுக்கா.

சென்னியம்மாள்: அம்மாபேட்டைக்குச் சேலை எடுக்கப் போனப்ப தறிக்காரரு ஊட்டுல ஒரு குச்சி ஒடிச்சுக் குடுத்தாங்க. ஈரத்துணியில சுத்தி மடியிலயே வெச்சுக் கொண்டாந்தேன்.

ராமாயி: ஆடு கடிச்சிருச்சுன்னு கேள்விப்பட்டனே?

சென்னியம்மாள்: மொட்டையாக் கடிச்சிருச்சு. மக்குன சாணியும் சாம்பலும் வெச்சேன். அடியில இருந்து மூணு கெளையாத் துளுத்துச்சு.

ராமாயி: உங்க கைராசிங்க்கா. சித்திரையில கெணறு வத்தி ஊரே தண்ணிக்கு அலைஞ்சப்பக்கூட...

சென்னியம்மாள்: அப்ப நான் ஊர்லயே இல்ல புள்ள.

ராமாயி: ...ஆமாங்க. மவ பிரசவத்துக்கு வேலூரு போயிருந்தீங்க.

சென்னியம்மாள்: ரெண்டு மாசம். திரும்பி வாரப்ப கரியில ஓடற பஸ்சு பாதி வழியில நின்னுருச்சு. வெள்ளைக்காரன் சண்டையில பெட்ரோலு ஏது... அது கெளம்பற மட்டும் செடி நெனப்புத்தான். காஞ்ச குச்சியத்தான் பாக்கப் போறோம்னு இருந்தேன். வந்து பாத்தா மொட்டு மொட்டா நிக்குது.

ராமாயி: மழை கிழை பேஞ்சிருக்கும்...

சென்னியம்மாள்: எஞ்செடிக்கு மட்டுமா?

ராமாயி: ...நான் வாரேனுங்க்கா. சோறு அடுப்புல...

சென்னியம்மாள்: இரு ராமாயி. செவுத்து மேல கொடம் ஒரசுன தடம் இருந்துச்சு. குடிக்கற தண்ணியில பங்கு வெச்சு ஊத்துனவ நீதான்னு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சும், ஊரு வந்து எங் கைராசின்னு மெச்சுனப்ப ஆமான்னு சிரிச்சேன். உங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்ல மனசு எறங்கல.

ராமாயி: அந்தத் தடத்தை மறுநாளே செம்மண்ணு குழைச்சுப் பூசுனது நீங்கதானுங்க்கா. எங்கூட்டுக்காரரு கண்ணுல பட்டா என்னைய வையுவாருன்னுதான... செவுத்துக்கு எங்க பக்கம் நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எனக்கும் கூப்புட வாய் வரல.