துணி சுற்றிய ஒலிபெருக்கி

இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட கூட்டத் தலைவர் அண்ணன் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் முன்னணித் தோழர்களே! கால் வலித்தாலும் முன்வரிசையை விட்டுக்கொடுக்காத பெரியவர்களே! வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் இங்கே வந்து தரையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! யார் யார் வந்திருக்கிறார்கள் என்று ஓரமாக நின்று செல்போனில் படம் பிடிக்கும், முகம் தெரியாத நண்பரே! எல்லோருக்கும் என் வணக்கம்.

தலைநகரம் நம் வரியை வாரிக்கொண்டு போகிறது, கிள்ளித்தான் கொடுக்கிறது. நம் பிள்ளைகள் எதைப் படிப்பது என்று, நம் தெருவைப் பார்த்தே இராதவர்கள் முடிவு செய்கிறார்கள். இதைப் பேசத்தான் வந்தேன். ஆனால் ஒருமுறை தலை நிமிர்ந்து அந்தக் கம்பத்தைப் பாருங்கள். ஒலிபெருக்கியைச் சுற்றித் துணி கட்டியிருக்கிறதே, ஏன்? மழைக்கா? வெயிலுக்கா? இல்லை. அந்தத் துணிக்குள் மைக்செட் அண்ணனின் கடைப்பெயர் இருக்கிறது. அது அவர் மகளின் பெயர்.

போன வாரம் இதே திடலில் எதிரணிக் கூட்டம். தலைநகரம் தருகிறது, மாநிலம் தின்கிறது என்று நம்மைக் கிழித்தார்கள். அதற்கும் மைக் கட்டியவர் இதே அண்ணன். கூட்டம் கலைந்து அவர் வயரைச் சுருட்டும்போது சிலர் வந்தார்கள். அவனுங்களுக்கும் நீதான் கட்டுவியா என்று கேட்டு, ஆம்ப்ளிஃபயரை மேடையிலிருந்து உதைத்துத் தள்ளினார்கள். வந்த வண்டிகளில் பறந்தது நம் கொடி.

கை தட்டுகிறீர்களா? பின்னால் விசில்கூடக் கேட்கிறது. தோழர்களே, எதிரணி திட்டியபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இந்தக் கைதட்டலைக் கேட்கும்போதுதான் பயம் வருகிறது.

இன்று காலை அவர் கடைக்குப் போனேன். ஈயம் உருகும் வாடை. உடைந்த பெட்டியைத் திறந்து பற்றவைத்துக்கொண்டிருந்தார். இவ்வளவுக்குப் பிறகும் எங்கள் கூட்டத்துக்கு ஏன் ஒப்புக்கொண்டீர்கள் என்று கேட்டேன். நிமிராமலே சொன்னார்: "வரலைன்னா, ஏன் வரலைன்னு கேக்க வருவாங்களே தம்பி."

நாளை நடக்கும் கூட்டத்துக்கு மைக் கட்ட எதிரணி அவரை மறுபடி கூப்பிட்டிருக்கிறது. அவர் மனைவி, அண்ணி, வாசலில் நின்று சொன்னார்: "போனா இவங்க உதைப்பாங்க, போகலைன்னா அவங்க உதைப்பாங்க. உதைக்கிறதுல மட்டும் ரெண்டு கட்சிக்கும் சண்டையே இல்ல." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. துணியைப் பற்றிக் கேட்டேன். "பாப்பா பேரு தெருவுல அடிபட வேணாம்" என்றார் அண்ணன்.

தலைநகரம் நம் வாயை அடைக்கிறது என்று தொண்டை கிழியக் கத்துகிறோமே, இந்த மனிதரின் வாயை அடைத்தது யார்? தலைநகரமா? சட்டமா? சிப்பாயா? நம் கால்! நம் தெருவில் நம் கால்! இந்தக் காலை வைத்துக்கொண்டு எந்த உரிமையை வாங்கப்போகிறோம்? வாங்கினாலும், இதே காலை யார் மேல் வைத்து மிதிக்கப்போகிறோம்?

தலைவர் அண்ணன் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். முடித்துக்கொள்ளச் சொல்கிறார். கீழே ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் இரண்டு தோழர்கள் குனிந்து, மைக்செட் அண்ணனின் காதில் ஏதோ சொல்கிறார்கள். அவர் விரல் பொத்தான் மேல் இருக்கிறது. அண்ணே, அணைப்பதானால் அணையுங்கள். உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை.

அதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாளை எதிரணி நம்மைத் திட்டும். திட்டட்டும், பதிலை அடுத்த நாள் இதே மேடையில் சொல்வோம். நாளை அவர்கள் கூட்டத்தில், யாரும் உதைக்காதபடி, நான் அந்தப் பெட்டியின் பக்கத்தில் உட்காரப்போகிறேன். கூட யார் வருகிறீர்கள்? கையைத் தூக்குங்கள்.

முன்வரிசைப் பெரியவர் ஒருவர். அங்கே ஒரு தாய். பக்கத்தில் இன்னொரு தாய். மேடையில் ஒரு கையும் இல்லை. போதும், இவர்கள் போதும். பயந்துகொண்டே வாருங்கள் அம்மா. நானும் பயந்துகொண்டுதான் வருவேன்.

என்னைப் பேச அழைத்துவிட்டு இப்போது வருந்தும் தலைவருக்கு நன்றி. கேட்ட உங்களுக்கு நன்றி. இந்தச் சொல் வரைக்கும் பொத்தானை அழுத்தாத மைக்செட் அண்ணனுக்கு, என் நன்றியும் வணக்கமும்.