வேண்டாம் என்னும் விரல்

மாடு விற்கும்போது நாங்கள் விலையை வாயால் சொல்வதில்லை, சார். துண்டுக்கடியில் இரண்டு கைகள் பேசிக்கொள்ளும். ஆள்காட்டி விரலை இறுக்கிப் பிடித்தால் சம்மதம். சுண்டுவிரலால் உள்ளங்கையில் குத்தினால் வேண்டாம். படப்பைப் பக்கம் எங்கள் அண்ணன் தட்சிணாமூர்த்தியின் சுண்டுவிரலுக்குப் பயப்படாத வியாபாரி கிடையாது.

அந்த அண்ணன்தான் மூளையில் அடைப்பு வந்து சேலையூர் வீட்டில் கிடந்தார். தொண்டையில் குழாய், பக்கத்தில் மூச்சு மிஷின். இமைகூட அவர் சொன்னபடி கேட்கவில்லை. வலது கை விரல்கள் மட்டும் கேட்டன. அந்த இரண்டு சைகைகளையும் வீட்டில் எல்லோருக்கும் நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

கரண்ட் போனால் குழாயில் மாட்டும் காற்றுப்பையைக் கையால் அமுக்கி நானே அவருக்கு மூச்சுக் கொடுக்க வேண்டும். விசிறி நின்றாலே கட்டிலுக்கு ஓடுவேன். மணிக்கட்டு வீங்கி, யாருடைய மூச்சை யார் விடுகிறோம் என்றே தெரியாமல் போகும். அண்ணி செல்லியம்மாள் பாதி ஆளாகிவிட்டார். டாக்டரோ, "இனிமே இப்படித்தான். மிஷினை எடுக்கறதா வேணாமான்னு அவரையே கேளுங்க" என்று கைகழுவிவிட்டார்.

கேட்டேன். "போதுமாண்ணே?" சுண்டுவிரல் குத்தியது. கெஞ்சினேன், அழுதேன், "எனக்காகண்ணே" என்றும் கேட்டேன். குத்தியது. எங்கள் அண்ணன் பேரத்தில் படிகிற ஆளே இல்லை.

பிசியோதெரபி செய்ய வரும் ஜென்சி ஒருநாள் என்னைக் கண்டித்தாள். "குமரவேல் அண்ணா, அவரு முழங்கைய கட்டில் கம்பி மேல வைக்காதீங்க. உள்பக்க எலும்பை ஒட்டி ஒரு நரம்பு ஓடுது. இடிச்சுக்கிட்டா ஷாக் அடிக்குமே, அதேதான். அது நசுங்குனா சுண்டுவிரலும் மோதிரவிரலும் போச்சு."

"மத்த விரலுங்க?" கத்தரிக்காய் விலை கேட்பதுபோலத்தான் கேட்டேன்.

"அதுக்கு வேற நரம்பு. அது கைக்கு நடுவுல வருது. இன்னாண்ணா, டாக்டருக்குப் படிக்கப் போறீங்களா?" என்று சிரித்தாள்.

அன்று முதல் அண்ணனைத் தூங்க வைக்கும்போது வலது முழங்கையைக் கம்பிமேல் சாய்த்து, துண்டால் கட்டிவைத்தேன். துண்டு சுத்தமானது, நானே துவைத்தது. அவர் கண்ணில் நீர் வழியும். துடைத்துவிடுவேன். கொஞ்ச நாளில் அந்த இரண்டு விரல்களும் மடங்கி, கோழிக்கால் போல நின்றுவிட்டன.

பிறகு சந்தையில் போடுவதுபோல அந்தக் கைமேல் துண்டைப் போட்டுவிட்டு, அண்ணன் மகள் தமிழினியைக் கூப்பிட்டேன். "என் வார்த்தை வேணாம்மா. நீயே கேளு."

"அப்பா, மிஷினை எடுத்துடலாமாப்பா? வேணாம்னா குத்துங்கப்பா."

காத்திருந்தோம். அவர் அவளுடைய ஆள்காட்டி விரலைப் பிடித்தார், விடவேயில்லை. "சரின்னுட்டாரு, சித்தப்பா" என்று தேம்பினாள்.

ஜென்சி ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னது உண்மைதான். நரம்பைக் கொன்றது நான்தான். ஆனால் மிஷினை நிறுத்தியபோது அண்ணன் என் விரலைப் பிடித்த பிடி இருக்கிறதே, எலும்பு நொறுங்கும்போல இருந்தது. இத்தனை வருஷத் தொழிலில் அவ்வளவு மனப்பூர்வமான சம்மதத்தை நான் பார்த்ததே இல்லை, சார்.