இருபத்தொன்றாம் வண்டி

இரவு ஒன்பது நாற்பது. பிப்ரவரி மாதம். மலைக் கணவாயை நோக்கி ஏறும் சாலையில் ஒரே ஒரு கார் வந்துகொண்டிருந்தது. முன்னும் இல்லை, பின்னும் இல்லை... வெண்மை மட்டுமே.

இன்று நாம் இந்த விடுதியில் முடங்கிக் கிடப்பதைப் போலவே, அன்றும் பனிப்புயல் பாதையை அடைத்திருந்தது. காப்பியை ஊற்றிக்கொள்ளுங்கள், தடுப்புக் கம்பம் உயர இன்னும் நேரம் இருக்கிறது. இது என் நண்பர் ஹல்வாருடைய மைத்துனர் ஆஸ்மண்டுக்கு நேர்ந்தது. அந்தக் காரை ஓட்டியவர் அவர்; அருகில் அமர்ந்திருந்தவர் ஹல்வாருடைய மனைவி சுன்னிவா. ஆஸ்மண்டுக்கு அவர் மூத்த சகோதரி.

மறுநாள் பதினொரு மணிக்கு அவர்களுடைய தந்தையாரின் அடக்கம். பெட்டியைச் சுமக்க ஆறு பேர் வேண்டும். ஐவர் கணவாய்க்கு அப்பால் ஊரிலேயே இருந்தனர். ஆறாமவர் ஆஸ்மண்ட்.

அவர் சுவீடனின் தென்கோடியில், மால்மோ நகரில், கட்டடங்களை வடிவமைப்பவர். முற்பகலில் கிளம்பியவர் முடிவில்லாத ஊசியிலைக் காடுகளையும், சிவப்புச் சாயம் பூசிய பண்ணை வீடுகளையும், உறைந்த ஏரிகளையும் கடந்து, ஆஸ்லோவில் சகோதரியை ஏற்றிக்கொண்டு, பத்து மணி நேரமாக ஓட்டிக்கொண்டிருந்தார். கண்ணிமைகளில் மணல் கொட்டியது போன்ற அயர்வு. ஒரு நிறுத்தத்தில் வாங்கிய தொத்திறைச்சி ரொட்டியில் பாதி, தின்னப்படாமலே மடியில் விறைத்துக் கிடந்தது.

தந்தையார் நாற்பது ஆண்டுகள் ஊர்த் தேவாலயத்துக்குத் தார் பூசியவர். எண்ணூறு ஆண்டு மரக்கட்டடம் அது. செதில் செதிலாக அடுக்கிய கூரை, கூரை முனைகளில் வாய் பிளந்த டிராகன் தலைகள். அவற்றுக்கெல்லாம் கயிற்றில் தொங்கியபடி பைன் மரத் தாரைப் பூசுவார். எத்தனை முறை கழுவினாலும் அவர் கைகளிலிருந்து அந்தப் புகை மணம் போகாது. மகன் மால்மோவில் வடிவமைத்த கண்ணாடிக் கட்டடத்தை ஒருமுறை பார்க்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. "இந்தக் கோடையில வந்து கார்ல கூட்டிட்டுப் போறேன்பா" என்று மகன் சொல்வார். ஒன்பது கோடைகள் அப்படிச் சொன்னார்.

புயல் இரவுகளில் பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் வரிசை கட்டித்தான் கணவாயைக் கடக்க விடுவார்கள். தடுப்பருகே காவலர் கைவிளக்குடன் வந்தார். ஆஸ்மண்ட் கண்ணாடியை இறக்கினார்.

"இருபது வண்டி சேந்தாச்சு. அதுக்கு மேல கூட்டிட்டுப் போக மாட்டோம். நாளைக்கு மதியம் பாக்கலாம்."

"காலையில பதினோரு மணிக்கு அடக்கம் இருக்குங்க."

"எல்லாருக்கும் ஏதோ ஒண்ணு இருக்கு தம்பி. காத்துதான் யாரையும் கேக்க மாட்டேங்குது."

அவ்வாறு சொல்லிக்கொண்டே அவர் பின்னிருக்கையில் ஒளியை வீசினார். முகம் மாறியது.

"பெரியவர் வேற இருக்காரா? என்னங்க இது, கோட்டுகூட இல்லாம உக்கார வச்சிருக்கீங்க! ராத்திரி பூரா இவரை இங்க வச்சிருக்க முடியாதே. யாரு இவரு?"

பின்னால் இடப்புறக் கொக்கியில் ஆஸ்மண்டின் கறுப்பு உடை தொங்கிக்கொண்டிருந்தது. பனி படிந்த கண்ணாடி, மங்கல் ஒளி... அதைத்தான் ஆள் என்று எண்ணுகிறார் என ஆஸ்மண்ட் முடிவு செய்தார். திருத்துவதற்கும் தெம்பில்லை, திருத்தினால் வழியும் இல்லை.

"எங்க அப்பா" என்றார்.

சுன்னிவா அவர் தொடையைக் கிள்ளினார். அவர் அசையவில்லை.

"சரி, இருபத்தொண்ணாவது வண்டியாப் போங்க. முன்னாடி போற சிவப்பு விளக்கை விட்டுடாதீங்க. நடுவுல நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது. எதுவா இருந்தாலும் அந்தப் பக்கம் போய்ப் பாத்துக்கலாம். முதல்ல பெரியவருக்குப் போர்வையைப் போத்தி விடுங்கம்மா."

இருந்த ஒரே போர்வை சுன்னிவாவின் முழங்கால்களின் மேல் கிடந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

கம்பம் உயர்ந்தது. பனி தள்ளும் வண்டி முன்னால் ஊர்ந்தது. அதன் பின்னால் வரிசை ஊர்ந்தது.

"வெக்கமா இல்லையாடா? பெட்டியில கிடக்குற மனுசனைச் சாட்சிக்குக் கூப்பிடுற."

"அவரும் நாளைக்கு நான் வரணும்னுதானே நினைப்பாரு? விடுக்கா. தூக்கம் கண்ணைச் சுத்துது, பேசிட்டே வா."

நூறு அடி சென்றிருப்பார்கள்.

டிங்... டிங்... டிங்...

ஓட்டுநர் முன்னிருந்த பலகையில் சிறு விளக்கு எரிந்தது. பின்னிருக்கை, வலப்புறம். இருக்கைப் பட்டை மாட்டவில்லை.

"என்னடா அது?"

"பின்னாடி பாரம் இருந்தா கத்தும். உன் பையா இருக்கும்."

"என் பை டிக்கியில இருக்கு."

டிங்... டிங்... டிங்...

நிறுத்த இயலாது. பின்னால், வரிசையை முடித்துவைக்கும் வண்டியின் மஞ்சள் விளக்கு சுழன்றுகொண்டிருந்தது. முன்னால் இரண்டு சிவப்புப் புள்ளிகள், அவையும் தோன்றித் தோன்றி மறைந்தன. கால் மணி நேரம் அந்த ஒலி தலைக்குள் ஆணி அடித்தது. இறுதியில் ஆஸ்மண்ட், களைத்தவர்களுக்கு வரும் அசட்டுச் சிரிப்புடன், திரும்பாமலே சொன்னார்:

"அப்பா, பெல்ட்டைப் போடுங்களேன். தலை வலிக்குது."

பட்டை உருவப்படும் ஓசை... மெதுவாக. பிறகு,

க்ளிக்.

விளக்கு அணைந்தது. ஒலி நின்றது.

ஆஸ்மண்டின் கை பின்பக்கம் காட்டும் கண்ணாடியைத் திருப்ப உயர்ந்தது. சுன்னிவா அதைப் பிடித்துக்கொண்டார்.

"பாக்காதே. முன்னாடி விளக்கைப் பாரு. அதை மட்டும் பாரு."

சூடேற்றியின் காற்றில் ஒரு மணம் பரவியது. புகை, பிசின்... பைன் மரத் தார். அதன்பின் ஒன்றரை மணி நேரம் இருவரும் அந்தச் சிவப்புப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தனர். ஆஸ்மண்டுக்குத் தூக்கம் வரவில்லை.

நள்ளிரவு கடந்து ஊரை அடைந்தனர். காரைத் தேவாலயத்தின் அருகே நிறுத்தி இறங்கும்போது ஆஸ்மண்ட் இடப்புறப் பின்கதவை ஒரு சாண் திறந்து, கையை மட்டும் விட்டு உடையை எடுத்துக்கொண்டார். வலப்புறம் பார்க்கவில்லை.

மறுநாள் பதினொரு மணி. கருமரத் தேவாலயத்தின் தாழ்ந்த வாயிலில் ஆறு பேர் பெட்டியின் கைப்பிடிகளைப் பற்றினர். தந்தையார் நெடிய, கனத்த மனிதர். "ஒண்ணு, ரெண்டு..." என்று எண்ணி, பல்லைக் கடித்துத் தூக்கினர். பெட்டி குபீரென்று எழும்பியது. முன்னால் நின்ற தூர்லைவ் தடுமாறி நிலைப்படியில் சாய்ந்தார். ஆஸ்மண்டின் தந்தையாருடன் முப்பது கோடைகள் அதே கூரையில் தொங்கியவர் அவர். முந்தின மாலை தந்தையாரைப் பெட்டிக்குள் கிடத்தியவரும் அவரே.

"என்னப்பா இது... நேத்து நாலு பேரு சேந்தும் திணறினோமே" என்று முணுமுணுத்தார்.

அத்தகைய இடத்தில் எவர் மூடியைத் திறக்கச் சொல்வார்? போதகர் மும்முறை மண்ணைப் போட்டார். அது பலகையில் விழுந்த ஓசை, வெற்றுப் பெட்டியின்மேல் விழுந்ததைப் போல் நெடுநேரம் அதிர்ந்தது.

காப்பியும் உருளைக்கிழங்கு ரொட்டியும் முடிந்து, பிற்பகல் மூன்று மணிக்கு இருவரும் காரிடம் வந்தனர். மாலை வரிசையைப் பிடித்தாக வேண்டும். சுன்னிவா வலப்புறப் பின்கதவைத் திறந்தார்.

பட்டை பூட்டியே இருந்தது. ஆனால் அது இருக்கையோடு ஒட்டிக் கிடக்கவில்லை. ஓர் ஆள் அளவுக்கு முன்தள்ளி, வளைந்து, விறைப்பாக நின்றது. அதனுள் எதுவும் இல்லை.

"அப்பா" என்றார் சுன்னிவா. "ஊர் வந்தாச்சுப்பா. இறங்குங்க."

காத்திருந்தனர். க்ளிக் என்ற ஓசை வரவில்லை. டிராகன் தலைகளிலிருந்து பனி உருகிச் சொட்டும் ஓசை மட்டும்.

"ஏன்கா இறங்க மாட்டேங்குறாரு?" ஆஸ்மண்ட் குழந்தையைப் போலக் கேட்டார்.

"ஏன்னு உனக்குத் தெரியாதா? ஒம்பது வருசம் சொன்னியே."

ஆஸ்மண்ட் பனியில் குந்தி அமர்ந்துவிட்டார். பிறகு எழுந்து, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, இயந்திரத்தை முடுக்கினார்.

"பன்னெண்டு மணி நேரம் ஆகும்பா" என்றார். "சாஞ்சுக்குங்க."

சுன்னிவா முன்னிருக்கையிலிருந்து போர்வையை எடுத்து வந்தார். இரு கைகளாலும் உதறி, பின்னிருக்கையின்மேல் மெல்ல விட்டார்.

போர்வை இருக்கைவரை விழவில்லை.